குவாவ்: ஜாதிக்காய் காயும் ஊர்

கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸிலிருந்து மேற்குக் கரையோரமாக வடக்கே போகும் வேன்களில், இறங்க வேண்டிய இடம் வந்ததும் பயணிகள் கூரையை விரல்முட்டியால் தட்டுகிறார்கள். நான் தட்டியது பாட்டுச் சத்தத்தில் ஓட்டுநருக்குக் கேட்கவில்லை. அதனால் குவாவ் ஊருக்குள் நான் நுழைந்தது, ஊரைத் தாண்டிப் போய், கடலை வலப்பக்கமாக வைத்துத் திரும்பி நடந்துதான்.

கொய்யாவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்தான் ஊர்ப்பெயர். 1763-இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனபோது இதற்குச் சார்லட் டவுன் என்று பெயரிட்டார்கள். ஆவணங்களில் ஏறிய அந்தப் பெயர் மக்கள் வாயில் ஏறவில்லை.

ஜாதிக்காய் பதனிடும் நிலையத்தைத் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பிரதான வீதியில் மூன்று தளங்களாக நிற்கும் அந்தப் பழைய கட்டடத்தின் வாசலில் கால் வைத்ததுமே, கைக்குழந்தைக்கு உரைமருந்து உரைக்கும் கல்லின் வாசனை அடித்தது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு காய் ஆண்டுக்கணக்கில் தேய்ந்துகொண்டிருக்கும். இங்கே தளம் முழுவதும் மரத்தட்டுகளில் பரப்பி வைத்திருந்தார்கள். விவசாயிகள் ஓட்டோடு கொண்டுவரும் பச்சைக்காயை ஆறு முதல் எட்டு வாரம் வரை நிழலில் உலர்த்தி, பூஞ்சணம் பிடிக்காதபடி அவ்வப்போது மரக்கோலால் கிளறிவிடுகிறார்கள். காய்ந்த காயை எப்படி அறிவது என்று கேட்டேன். அங்கிருந்த மூதாட்டி ஒருவர் ஒரு காயை எடுத்து என் காதருகே குலுக்கினார். பருப்பு சுருங்கி ஓட்டிலிருந்து விட்டுவிட்டால் உள்ளே கடகடவென்று ஆடும். "சத்தம் வராவிட்டால் இன்னும் பொறுக்க வேண்டும், மகனே," என்றார்.

ஓட்டை உடைப்பது மட்டும்தான் இயந்திரத்தின் வேலை. அதன் பிறகு பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஓட்டுத்துண்டுகளையும் சொத்தைகளையும் கையால் பொறுக்குகிறார்கள். பருப்பைத் தண்ணீரில் கொட்டினால் நல்லது மூழ்கும். மிதப்பது தரம் குறைந்தது, எண்ணெய் எடுக்கப் போகும். ஓட்டின் மேல் படர்ந்திருக்கும் ஜாதிபத்திரிக்குத் தனிப் பக்குவம் உண்டு. பறித்த அன்று குங்குமமாக இருப்பதை, மாதக்கணக்கில் பெட்டிகளில் அடைத்து வைத்து, வெளிறிய ஆரஞ்சு நிறத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இறுதியில் சணல் சாக்குகளில் அச்சுத்தகடு வைத்து, போகும் நாட்டின் பெயரை மையால் தீட்டுகிறார்கள். உடைந்த ஓடும் வீணாவதில்லை. தீவெங்கும் தோட்டப் பாதைகளில் சரளைக்கல்லுக்குப் பதிலாக அதைத்தான் கொட்டியிருக்கிறார்கள்.

இந்த மரம் இந்த மண்ணுக்குரியது அன்று. இந்தோனேசியாவின் பண்டா தீவுகளிலிருந்து உலகச் சந்தைக்கு வந்த ஜாதிக்காய், 1843-இல் கிரெனடாவில் ஊன்றப்பட்டது. முதலில் ஊன்றியது குவாவுக்கு மேலே மலையிலுள்ள பெல்விடேர் தோட்டத்தில் என்கிறார்கள். பெல்விடேர் வேறொரு காரணத்துக்காகவும் பெயர் பெற்ற தோட்டம். அதன் உரிமையாளராக இருந்த, கலப்பினத்தவரான ஜூலியன் ஃபெடோன், பிரெஞ்சுப் புரட்சியின் கொள்கைகளை ஏற்று 1795 மார்ச்சில் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தார். முதல் இரவிலேயே குவாவும் தாக்கப்பட்டது. அடிமைகள் பெருந்திரளாகச் சேர்ந்துகொண்ட அந்தக் கிளர்ச்சி, பிணையாகப் பிடித்துவைத்த ஆளுநர் உட்பட 48 பேரைக் கொன்றது. 1796-இல் அது நசுக்கப்பட்டது. ஃபெடோன் மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை.

அடிமைமுறை ஒழிந்த பின் கரும்பு நொடித்தது. 1846-இல் பிரிட்டன் தன் காலனிச் சர்க்கரைக்கு அளித்துவந்த வரிச்சலுகையைக் குறைக்கத் தொடங்கியதும் தோட்டக்காரர்கள் கோக்கோவுக்கு மாறினார்கள். கரும்புக்கு ஆலையும் பெருந்திரளான ஆட்களும் தேவை. கோக்கோவையும் ஜாதிக்காயையும் கால் காணி வைத்திருப்பவரும் வளர்க்கலாம். இந்தத் தீவில் சிறு நிலக்காரர்கள் பெருகியதற்கு அந்த வேறுபாடே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1860 வாக்கில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நோய் தாக்கி ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்து, சந்தையில் கிரெனடாவுக்கு இடம் பிறந்தது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1947-இல் விவசாயிகளின் ஜாதிக்காய்க் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஏற்றுமதி உரிமை அதற்கு மட்டுமே தரப்பட்டது. காயை நிலையத்தில் போட்டதும் எடைக்கு ஏற்ப ஒரு முன்பணம், ஆண்டு முடிவில் விற்பனையைப் பொறுத்து மிச்சம் என்பது ஏற்பாடு. பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்துச் செலவுக்கு அந்த மிச்சத்தையே நம்பியிருந்த குடும்பங்கள் ஏராளம். 1987-இல் கிரெனடாவும் இந்தோனேசியாவும் விலையைக் காக்க உடன்பாடு செய்துகொண்டன. சில ஆண்டுகளில் அது முறிந்ததும் விலை சரிந்தது. அந்நாளில் உலகில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தபோதும், பெரிய அண்டைக்கடைக்காரரின் விலையைப் பார்த்துத் தன் விலையை எழுதும் சிறு கடையின் நிலைதான் கிரெனடாவுக்கு.

விலை சரிந்தால் மீளலாம். மரம் சரிந்தால் அவ்வளவு எளிதில் மீள முடியாது. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் புயல் தீவின் ஜாதிக்காய் மரங்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பதை அழித்தது. அடுத்த ஆண்டே எமிலி வந்தது. விதையிலிருந்து வளரும் மரம் காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். பூக்கும்வரை அது ஆணா பெண்ணா என்றும் தெரியாது. முழுப் பலன் தரப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். ஊருக்கு வெளியே டூகல்ட்ஸ்டன் என்ற பழைய தோட்டத்தில், மழை வந்தால் கொட்டகைக்குக் கீழே தள்ளிவிடத் தண்டவாளத்தின் மேல் அமைத்த கோக்கோ உலர்த்தும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே பேச்சுக்கொடுத்த முதியவரிடம் புயலுக்குப் பிறகு மறுபடியும் நட்டீர்களா என்று கேட்டேன். அப்போது தமக்கு அறுபது வயது என்றும், வாழையும் காய்கறியும் நட்டதாகவும், ஜாதிக்காய்க் கன்றுகளை மகனுக்காக நட்டதாகவும், மகன் படகு வாங்கிவிட்டதாகவும் சொன்னார். பேசியபடியே உதிர்ந்து கிடந்த ஒரு காயை எடுத்து, பத்திரியை உரித்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குவாவின் இன்னொரு தொழில் கடல். எண்பதுகளின் தொடக்கத்தில் கியூபாக்காரர்கள் கற்றுக்கொடுத்த ஆயிரங்கால் தூண்டிலால் பிடிக்கும் மஞ்சள் துடுப்புச் சூரை, ஐஸில் வைக்கப்பட்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறது. காலையில் போட்ட தூண்டிலுக்கு மாலையில் காசு. மரத்துக்கு அந்த வழக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை இரவில் குறுகிய தெருக்களை அடைத்துக்கொண்டு மீன் பொரிக்கும் அடுப்புகள் வரிசை கட்டுகின்றன. அங்கும் ஜாதிக்காய் விடவில்லை. ரம் பஞ்ச் கேட்டவர்களின் கோப்பைக்கு மேல் கடைக்காரப் பெண் ஒரு காயைச் சிறு துருவியில் நான்கு இழுப்பு இழுத்துவிட்டு, மிச்சத்தை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

பொரித்த மீனுக்குக் காத்திருந்த நேரத்தில், முதியவர் கொடுத்த காயைப் பையிலிருந்து எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம்.