முதுகில் வைத்த மெஷினை எடுப்பதா, விடுவதா

நாள்பட்ட வலிக்காக முதுகுத்தண்டில் ஸ்டிமுலேட்டர் வைத்துக்கொண்டவர் என்று எனக்குத் தெரிந்து எங்கள் சொந்தத்திலோ தெருவிலோ வேறு யாரும் கிடையாது. வைக்கும்போது டாக்டர், கம்பெனி ஆள், இன்ஷூரன்ஸ்காரர் என்று சுற்றி நிறையப் பேர் இருந்தார்கள். எடுக்கலாமா என்று யோசிக்கும்போதுதான் கேட்க ஆளில்லை. அதனால் எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

விளக்குத்தூண் பக்கம் எங்களுக்கு ஜவுளிக்கடை. மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சேலை விரித்துக் காட்டும் பழைய பாணிக் கடை, அதிலேயே என் இடுப்பு போனது. முதுகெலும்பின் அடிப்பக்கம் எல்4-எல்5 என்ற இடத்தில் டிஸ்க் ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது, ஆனால் வலி போகவில்லை, இடது காலில் தொடையிலிருந்து பாதம் வரை மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிச்சல். மாத்திரை, ஊசி, பிசியோ எல்லாம் பார்த்த பிறகுதான் ஸ்டிமுலேட்டர் பேச்சே வந்தது. தண்டுவடத்துக்குப் பக்கத்தில் மெல்லிய வயர், பிட்டத்துக்கு மேல் தோலுக்கடியில் பேட்டரி, அது அனுப்பும் லேசான கரண்ட் குறுகுறுப்பாகத் தெரியும், வலி மேலே போவதை மட்டுப்படுத்தும். வலிக்குத் தண்டுவடத்தில் ஒரு கேட் இருக்கிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் சொல்ல, 1967இல் நார்மன் ஷீலி என்ற அமெரிக்க டாக்டர் முதல் முறையாக ஒரு நோயாளிக்கு வைத்துப் பார்த்தாராம். புதுசு என்று பயப்படாதீர்கள் என்பதற்காக டாக்டர் சொன்ன கதை. முதலில் வயரை மட்டும் உள்ளே விட்டு, பெட்டியை வெளியே இடுப்பில் ஒட்டி ஒரு வாரம் போல வெள்ளோட்டம் பார்த்தார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பார்கள். எனக்குப் பாதிக்கு மேலேயே குறைந்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

முதல் இரண்டு வருஷம் உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கடையில் மத்தியானம் வரை உட்கார முடிந்தது. மீனாட்சியம்மன் கோயில் வாசலில் மெட்டல் டிடெக்டர் வழியாகப் போகக்கூடாது என்று, மெஷினோடு கொடுத்த கார்டை எடுத்துக் காட்டுவேன், பெண் போலீஸ் தனியாக நிறுத்திக் கையால் தடவிப் பார்த்து அனுப்புவார், அவ்வளவுதான் தொந்தரவு. பக்கத்துத் தெரு பிசியோ சென்டரில் டயாதெர்மி என்ற சூட்டு சிகிச்சை வைக்கலாமா என்று கேட்டபோது கார்டில் பெரிதாக வேண்டாம் என்று போட்டிருந்தது. மெஷினை ஆஃப் பண்ணியிருந்தாலும் கூடாது, அந்தச் சூடு வயர் முனையில் போய்ச் சேர்ந்து நரம்பைச் சுட்டுவிடும் என்றார் டாக்டர். இது வைத்திருக்கிற யாரும் பிசியோவில் முதல் வார்த்தையாகவே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பலன் குறைந்தது. கம்பெனி ஆள் டேப்லெட்டோடு வந்து புரோகிராமை மாற்றினார், சில வாரம் தாங்கும், மறுபடி பழைய கதை. வயர் நகர்ந்திருக்குமோ என்று எக்ஸ்ரே எடுத்து, வைத்த புதிதில் எடுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், நகரவில்லை. வயர் எங்கும் உடையவும் இல்லை. உடம்பு பழகிவிட்டது, சிலருக்கு இப்படி ஆகும் என்றார்கள். இதற்கு நடுவில் பேட்டரி இருக்கும் இடமே தனியாக வலிக்க ஆரம்பித்தது. சம்மணம் போட்டால் அதன் விளிம்பு மெத்தைக்கும் எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். சில நாளைக்கு ஒரு தடவை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சார்ஜ் ஏற்ற வேண்டும், அது சரியான இடத்தில் உட்காராவிட்டால் பீப் அடித்துக்கொண்டே இருக்கும், மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தும் நாளில் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தெற்கு மாசி வீதியில் நடந்து போகும்போது வலது கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது, எனக்குத் தெரியவில்லை, பூ விற்கிற அம்மா கூப்பிட்டுச் சொன்னார். வலது கால்! அதுவரை பிரச்சினையே இல்லாத கால். நரம்பு டாக்டர் உடனே எம்ஆர்ஐ பார்க்க வேண்டும் என்றார். கார்டைப் பார்த்தால் என் மாடலுக்குத் தலையை மட்டும்தான் எம்ஆர்ஐ எடுக்கலாம், முதுகு கூடாது. இப்போது வருகிற பல மாடல்களில் முழு உடம்பும் எடுக்க முடியும், ஆனால் எந்த மெஷினில், எந்த அளவில் என்று நிபந்தனை உண்டு. வைக்கும் முன்பே இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று வழி சொன்னார்கள். மெஷினை அப்படியே விட்டுவிட்டு, முதுகில் ஊசி வழியாக மருந்து ஏற்றி சிடி மைலோகிராம் என்ற ஸ்கேன் எடுப்பது. எடுத்துவிட்டுப் புது மாடல் வைப்பது. எடுத்துவிட்டு எதுவும் வைக்காமல் இருப்பது. கம்பெனிப் பையன் போனில், “ஆன்ட்டி, புது மாடல்ல அந்தக் குறுகுறுப்பே இருக்காது, ஒரு தடவை வந்து பாருங்க” என்றான். நல்ல பையன், ராத்திரி கூப்பிட்டாலும் எடுப்பான். ஆனால் அவன் வேலை விற்பது, அதை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது. புதுசுக்கு மறுபடி சில லட்சம்.

சர்ஜன் உடனே எதுவும் முடிவு சொல்லவில்லை. மைலோகிராமையும் கையில் வைத்துக்கொள்வோம், சிறுநீர் அடைத்தாலோ, உட்காருமிடம் மரத்தாலோ, கால் தொங்கினாலோ ஒரு நிமிஷம் காத்திருக்காமல் வந்துவிடுங்கள் என்று எச்சரித்துவிட்டு, சில வாரம் மெஷினை முழுசாக ஆஃப் பண்ணி வையுங்கள் என்றார். இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன், வேறு எந்தப் பரிசோதனையும் இவ்வளவு சொல்லித் தராது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஆளுக்கு ஒரு தரம் “எப்படி இருக்கு” என்று கேட்டே வலியை ஏற்றிவிடுவார்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் காலை, ராத்திரி இரண்டு வேளையும் இடுப்புக்கு ஒரு மார்க், காலுக்கு ஒரு மார்க், பத்துக்கு எத்தனை என்று எழுதினேன்.

தாளையெல்லாம் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் இடுப்பு வலியில் வித்தியாசமே இல்லை. அவ்வளவு செலவு செய்து வைத்தது இடுப்புக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று கோபமாக வந்தது. ஆனால் இடது கால் எரிச்சல் ராத்திரியில் நிச்சயம் கூடியது, ஐந்து ஆறாக இருந்தது ஏழுக்குப் போனது. ஆக மெஷின் சும்மா இருக்கவில்லை, காலுக்குக் கொஞ்சம் உழைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தெளிவான பதில் கிடைக்கும் என்று பார்த்தால் இப்படிப் பாதிப் பதில். இன்னொன்று, பேட்டரி இருக்கும் இடத்து வலி ஆஃப் பண்ணினாலும் அப்படியேதான் இருக்கும், எடுத்தால் குறையுமா என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

அடுத்த கேள்வி, உள்ளே இருப்பது எந்த வகை வயர். ஊசி வழியாக விட்ட உருண்டை வயர் என்றால் பெரும்பாலும் மெதுவாக இழுத்து எடுத்துவிடலாம். பட்டையாக இருக்கும் வகை என்றால் அதை வைத்ததே எலும்பைக் கொஞ்சம் எடுத்துத்தான், எடுக்கவும் மறுபடி அங்கே திறக்க வேண்டும், தழும்பு பிடித்திருக்கும், தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ரத்தம் கட்டும் ஆபத்தும் உண்டு. பட்டையாக இருந்தால் நான் எடுக்கவே சம்மதித்திருக்க மாட்டேன். பழைய ஃபைல் ஒரு மஞ்சப்பையில் பரணில் கிடந்தது, டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு உருண்டை வயர் என்று இருந்தது. எக்ஸ்ரேயும் அதையே காட்டியது.

மாமியார் வேறொரு கோணத்தில் இருந்தார். செத்த பிறகு இந்த பேட்டரியோடு உடம்பை எரித்தால் வெடிக்கும், அதற்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், உண்மையும் அதுதான். “தத்தனேரியில போய் வெடிச்சு மானத்த வாங்காத, இப்பவே எடுத்துரு” என்றார். எண்பது தாண்டியவர், தனக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்று எந்தத் தைரியத்தில் சொன்னாரோ.

கடைசியில் எடுத்துவிடச் சொன்னேன், புதுசு வேண்டாம். வலது காலில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இடது கால் எரிச்சலில் ஒன்றிரண்டு மார்க் காப்பாற்றுவதற்காக இதைச் சுமந்துகொண்டிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இதே கணக்கு வேறொருவருக்கு வேறு மாதிரி வரலாம், கால் எரிச்சல் மட்டும்தான் பிரச்சினை என்றால் நானே வைத்திருப்பேன். எடுத்தால் வலி கூடினாலும் கூடலாம் என்று சர்ஜன் கையெழுத்து வாங்கும்போதே சொன்னார். ஏன் எடுக்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸுக்குத் தனியாகக் கடிதம் கேட்டார்கள், எம்ஆர்ஐ காரணத்தை டாக்டர் எழுதித் தந்த பிறகு கொஞ்சம் பணம் வந்தது.

ஆபரேஷன் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரையை முதலில் இறக்கினார்கள், குப்புறப் படுக்க வைத்து லேசான மயக்கம், ஒரு ராத்திரி தங்கல். பேட்டரி இருந்த குழியில் நீர் கோத்து வீங்கியது, குத்தி எடுக்க வேண்டாம், தானாக வற்றும் என்றார்கள், வற்றியது. சில வாரம் குனியாமல், குடம் தூக்காமல் இருக்க வேண்டும். நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபலின் மாத்திரையை மட்டும் ஆபரேஷன் முடிந்துவிட்டதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் தூக்கம் கெடும், வேர்த்துக் கொட்டும், குறைப்பதென்றால் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான். சம்மணம் போட்டால் இப்போது குத்துவதில்லை. கால் எரிச்சல் ராத்திரியில் இருக்கிறது, ஏழில்தான் நிற்கிறது.

எடுத்த வயர் முழுசாக இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள், பிறகு ஒரு எக்ஸ்ரேயும் கேட்டு வாங்குங்கள். துண்டு எதுவும் உள்ளே தங்கினால் எம்ஆர்ஐக்கு மறுபடி யோசிப்பார்கள், எடுத்ததே வீண். ஸ்கேன் சென்டரில் அந்தக் கடிதத்தையும் படத்தையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். எல்3-எல்4இல் நரம்பு போகும் இடம் சுருங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது, இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்று சொல்லி பிசியோவுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.