இரண்டு நாற்காலி, ஒரு சம்பளம்

செங்கல்பட்டுக் கிளையின் கண்காணிப்பாளர் ஓய்வு பெற்ற மறுநாள் எங்கள் அதிகாரி என்னை அழைத்தார். "ஆள் போடும்வரை அதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் சார், ஒரு மாதம்தான்" என்றார். மத்திய அரசுத் துறை ஒன்றில் அப்போது எனக்கு இருபத்தாறு ஆண்டு சர்வீஸ். எழுத்தில் தாருங்கள் என்று கேட்கத் தெரியாதவன் அல்ல. ஆனாலும் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த ஒரு மாதம் ஏழு மாதமானது.

வாரத்தில் மூன்று நாள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிச் செங்கல்பட்டு, மற்ற நாட்களில் சென்னை. பத்து நாள் கழித்து ஆணை வந்தது. "மேற்படி பதவியின் பணிகளையும் கவனித்துக்கொள்வார்" என்று ஒரே வரி. படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அங்கேதான் பிழை.

எங்களுக்கு வேதம், மத்திய அரசு ஊழியரின் சம்பளம், விடுப்பு போன்றவற்றைச் சொல்லும் அடிப்படை விதிகள். 1922 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தவை. ஆங்கிலேயர் போனபின்பும் அவை போகவில்லை. நீண்ட விடுப்பில் துரை கப்பலேறினால் பக்கத்து நாற்காலித் துரை இரண்டையும் பார்த்த காலத்தின் வாசனை அவற்றில் இன்னும் வீசுகிறது. அவற்றில் 49ஆம் விதிதான் கூடுதல் பொறுப்புக்கானது. ஒரே அலுவலகத்தில் ஒரே பிரிவைச் சேர்ந்த, ஒரே சம்பள விகிதமுள்ள இரண்டு பதவிகளைச் சேர்த்துப் பார்த்தால் எத்தனை மாதமானாலும் ஒரு காசு கிடையாது. வேறு அலுவலகம் என்றால், முறையாக ஆணையிட்டு முழுப் பொறுப்பும் தந்திருந்தால், அது 45 நாட்களைத் தாண்டியிருந்தால், அந்தப் பதவியின் உத்தேச ஊதியத்தில், அதாவது அதில் முறையாக அமர்ந்திருந்தால் கிடைத்திருக்கும் சம்பளத்தில், 10 சதவீதம் உண்டு. அதுவும் மூன்று மாதம் வரை. அதற்கு மேல் போனால் டெல்லியில் பணியாளர் துறையின் இசைவு வேண்டும். "வழக்கமான அன்றாடப் பணிகளை மட்டும்" பார்க்கச் சொல்லியிருந்தாலோ, ஆண்டுக்கணக்கில் பார்த்தாலும் ஒன்றுமில்லை. நாற்பத்து நான்காம் நாள் விடுவித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி உட்காரவைக்கும் சாமர்த்தியத்தையும் என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதம் முடிந்ததும் பில் போட்டேன். கணக்குப் பிரிவிலிருந்து ஆட்சேபணையோடு திரும்பியது. ஆணையில் முழுப் பொறுப்பு என்ற சொல் இல்லை, ஆகவே இது அன்றாடப் பணி என்றே கருதப்படும் என்று எழுதியிருந்தார்கள். குறிப்பு எழுதியவர் என்னோடு மதியம் சாப்பிடுகிறவர்தான். "உங்களுக்கே தெரியுமே அண்ணே, ஆணையில் இருப்பதைத்தானே நான் படிக்க முடியும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

எங்கள் பிரிவில் பழைய ஆட்கள் பயணப்படியை இன்னும் பேட்டா என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரிய சண்டையே நடந்திருக்கிறது என்பது எனக்குச் செங்கல்பட்டு ரயிலில் ஒரு சரித்திரப் புத்தகம் படித்தபோதுதான் தெரிந்தது. பிளாசிப் போருக்குப் பின் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரிகளுக்கு நவாப் மீர் ஜாஃபர் இரட்டை பேட்டா கொடுக்கத் தொடங்கினார். 1766இல் கம்பெனியின் வங்காள கவர்னர் கிளைவ் அதை வெட்டினார். பீகாரின் மொங்கீரிலும் மற்ற முகாம்களிலும் இருந்த அதிகாரிகள் கூடிப் பேசி, எல்லோரும் ஒரே நாளில் ராஜினாமா செய்வதாக மிரட்டினார்கள். கிளைவ் அசையவில்லை, மதராஸிலிருந்து அதிகாரிகளை வரவழைத்து நிலைமையைச் சமாளித்தார். 1809இல் மதராஸ் படையிலேயே அது போன்ற ஒன்று நடந்தது. கூடாரச் செலவுக்கு அதிகாரிகள் பெற்றுவந்த படியை நிறுத்தியதில் தொடங்கிய மனக்கசப்பு, கவர்னர் பார்லோ காலத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை கலகமாக வெடித்தது. அதே கம்பெனி, கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் காலத்தில் கலெக்டருக்கு மாதம் 1,500 ரூபாய் சம்பளமும் வசூலில் கமிஷனும் கொடுத்து, சொந்த வியாபாரத்தை விடச் சொன்னது. ஆக, பேரம் அரசாங்க உத்தியோகத்தோடு கூடவே பிறந்ததுதான். துரைமார் கத்தியை உறையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். என்னிடம் இருந்தது ஒரு பால்பாயின்ட் பேனா.

மனு எழுதினேன். நான் அங்கே என்ன செய்தேன் என்று வர்ணிக்கவில்லை. தாள்களை மட்டும் வைத்தேன். பொறுப்பேற்புச் சான்று, சம்பளப் பட்டியல்களில் என் கையெழுத்து, ஊழியர்களுக்கு நான் அனுமதித்த விடுப்பு, ஒப்பந்தக்காரருக்கு நான் அனுப்பிய நோட்டீஸ். அன்றாடப் பணி மட்டும் பார்ப்பவருக்கு இந்த அதிகாரங்களில் எது உண்டு என்று ஒரே கேள்வி. இருபது பக்க இணைப்பு, ஒன்றரைப் பக்க மனு. அதற்கு முந்தைய வரைவு நான்கு பக்கம். என் உடம்பு வலி, ரயில் கூட்டம் எல்லாம் அதில் இருந்தது. மனைவி படித்துவிட்டு, "இது மனுவா, ஒப்பாரியா?" என்றாள். கிழித்துவிட்டேன்.

திருத்த ஆணை வர ஆறு வாரம் பிடித்தது. "முழுக் கூடுதல் பொறுப்பு" என்ற சொற்கள், பொறுப்பேற்ற முதல் தேதியிலிருந்தே செல்லும்படி வந்தன. மூன்று மாதத்துக்கான தொகை, மாதம் நான்காயிரத்துச் சொச்சம், அடுத்த சம்பளத்தில் சேர்ந்தது.

அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு இசைவு கேட்டுக் கோப்பு மேலே போனது. பதவியை இத்தனை நாள் நிரப்பாமல் வைத்திருந்தது ஏன் என்ற கேள்வியோடு இறங்கி வந்தது. அதற்குப் பதில் எழுத யாருக்கும் விருப்பமில்லை. கோப்பு அப்படியே தூங்கிவிட்டது.

பணம் இல்லை என்றானபின் நிபந்தனைகளைக் கேட்டேன். ஒன்று விடுவியுங்கள், இல்லையென்றால் செங்கல்பட்டுக்கு இரண்டு நாள் போதும், அங்கே ஓர் எழுத்தர் வேண்டும், பயணப்படி மாதாமாதம் தீர்க்கப்பட வேண்டும் என்றேன். மூன்றும் ஒரே வாரத்தில் கிடைத்தன. முதல் நாளே கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

ஏழாம் மாத முடிவில் புதியவர் வந்து சேர்ந்தார். சாவிக்கொத்து, ரொக்கப் பதிவேடு, இருப்புப் பட்டியல் எல்லாம் ஒப்படைத்தேன். தேநீர் குடித்தபடி, மதுராந்தகத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். "ஆணை வந்துவிட்டதா?" என்றேன். "வாய்மொழியாகத்தான் சார், ஒரு மாதம்தானாம்" என்றார். பையிலிருந்து என் திருத்த ஆணையின் நகல் ஒன்றை எடுத்து அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு ரயிலைப் பிடிக்கக் கிளம்பினேன்.