வேர் இன்னும் முற்றவில்லை

ஆகஸ்ட் 19
வெட்டிவேர் நட்டு இன்றோடு 12 மாதம். செப்டம்பர் முடிவதற்குள் நிலத்தைக் காலி செய்யச் சொல்கிறார் நிலத்துக்காரர். எண்ணெய் எடுக்கும் அளவுக்கு வேர் முற்ற 15 முதல் 18 மாதம் ஆகும் என்று குத்தகை பேசிய அன்றே சொன்னேனே, தலையாட்டினாரே.

ஆகஸ்ட் 20
தூக்கமில்லை.

ஆகஸ்ட் 23
வரப்போரம் ஒரு தூரை மட்டும் தோண்டினேன். கடப்பாரையே வேண்டாம், சுற்றிலும் மணலைத் தள்ளி ஆட்டினால் வேர் அறுபடாமல் வருகிறது, ஓர் உதறு உதறினால் மண் கொட்டிவிடுகிறது. களிமண்ணில் போட்டிருந்தால் பாதி வேர் உள்ளேயே நின்றிருக்கும். எல்லோரும் வேண்டாம் என்ற இந்த மணலை நான் பிடித்ததே அதற்காகத்தான். மூன்றடிக்கு மேல் இறங்கியிருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் வெள்ளை வேர், ஒடித்தால் வெறும் புல் வாசனை. தடித்த பழுப்பு வேர் ஒன்றை நகத்தால் கீறினேன், தோலுக்கு அடியில் லேசாகப் பிசுபிசுத்தது. ராத்திரி சாப்பிடும்போதும் நகத்தில் அந்த மணம்.

ஆகஸ்ட் 26
டிசம்பர் வரை கேட்டேன். பதில் இல்லை.

ஆகஸ்ட் 30
இரண்டு ரகம் போட்டிருக்கிறேன், குலாபியும் கேசரியும். இரண்டும் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனமான சிமாப் வெளியிட்டவை. குலாபி எண்ணெயில் ரோஜா சாயல் உண்டு, கேசரியில் குங்குமப்பூ சாயல். ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் எதை? நாள் முழுக்க இதே யோசனை. மணலில் உரம் நிற்காது, தண்ணீரோடு கீழே போய்விடும் என்று யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போட்டு வளர்த்தது. இப்போது போட்டாலும் இலைதான் தள்ளும், எண்ணெய் கூடாது. நாட்களைத் தவிர வேறு எதையும் நான் அதற்குக் கொடுக்க முடியாது.

செப்டம்பர் 4
குலாபியில் ஒரு பகுதியை எடுத்து, கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு அங்குலமாக நறுக்கி, ஊறவைத்து, மூன்று கிலோ வேரைச் சின்னக் கொப்பரையில் ஏற்றினேன். 20 மணி நேரம் ஆவி விட்டேன். கனமான எண்ணெய், சீக்கிரம் இறங்காது, அவசரப்பட்டு அடுப்பை அணைத்தால் நல்ல மணம் வேரிலேயே தங்கிவிடும். இதன் எடை கிட்டத்தட்ட தண்ணீரின் எடையே, அதனால் கொஞ்சம் மிதந்தது, கொஞ்சம் கலங்கலாக நடுவிலேயே நின்றது. வடிநீரை வெதுவெதுப்பாக வைத்து, பிரியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். 10 மில்லிகூடத் தேறவில்லை. வெளிறிய மஞ்சள். பச்சை நெடி.

செப்டம்பர் 5
துணியில் தொட்டுவைத்த துளியில் நெடி போயிருக்கிறது. அடியில் ஈர மண், மரம், கொஞ்சம் இனிப்பு. அதே மணம்தான், ஆனால் மெலிசாக. இன்னும் நாலு மாதம் இருந்திருந்தால்!

செப்டம்பர் 9
வந்தார். துணியை முகர்ந்து பார்த்தார். கேசரி இருக்கிற பக்கத்தை மட்டுமாவது விட்டுவையுங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

செப்டம்பர் 12
போன் வரவில்லை.

செப்டம்பர் 16
குலாபியைத் தோண்ட ஆரம்பித்தாயிற்று. ஒவ்வொரு தூரின் தலையையும் அரையடி தாளோடு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் அடுக்குகிறேன். எங்கே நடுவேன் என்று தெரியாது, ஆனால் நட வேண்டும். கேசரிப் பக்கம் இன்னும் மண்வெட்டியைக் கொண்டுபோகவில்லை.