நூறு பிள்ளைகள் இருந்தால்தான் ஓவியமா?

கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் பகுதி நேர ஓவிய ஆசிரியர். 2012இல் தமிழகம் முழுக்க ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி என்று 16,549 பேரை எடுத்தார்களே, அதில் ஒருவன். வாரத்துக்கு 3 அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆரம்பித்தது, 2024இல் 12,500 ஆனது. சம்பளத்தைப் பேச எங்கள் சங்கங்கள் இருக்கின்றன. எனக்கு உறுத்துவது வேறு.

இந்த வேலை வந்ததே 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தால்தான். அதன் அட்டவணையில் ஒரு வரி உண்டு: 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதி நேரப் பயிற்றுநர்கள் வேண்டும். சமவெளிக்கு இது நியாயமான கணக்குத்தான். இங்கே மலையில் ஒரு ஹட்டிக்கும் (படகர் ஊருக்கும்) அடுத்த ஹட்டிக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கே கிடக்கிறது. எஸ்டேட் லைன் வீடுகளை ஒட்டிய நடுநிலைப் பள்ளிகளில் அந்த மூன்று வகுப்பையும் சேர்த்தால்கூட பாதி நூறு தேறாது. ஓவிய ஆசிரியர் வேண்டாம் என்று சட்டம் சொல்லவில்லை, கட்டாயம் என்றும் சொல்லவில்லை. கட்டாயம் இல்லாததை யார் செலவழித்துச் செய்வார்கள்?

2022இல் தொடங்கிய அரசுப் பள்ளிக் கலைத் திருவிழாவை நான் குறை சொல்ல மாட்டேன். மேடையே ஏறாத பிள்ளைகள் ஏறினார்கள். மாநில அளவில் ஜெயித்தால் கலையரசன், கலையரசி பட்டம், வெளிநாட்டுப் பயணம். கொழுந்து பறிக்கும் அம்மாக்கள் லீவு போட்டுவிட்டு வந்து மகள் ஆடுவதைப் பார்க்கிறார்கள். ஆனால் ஆசிரியர் இருக்கிற பள்ளிப் பிள்ளை சொல்லிக்கொடுத்ததை வரைகிறது, இல்லாத பள்ளிப் பிள்ளை யூடியூபைப் பார்த்து வரைகிறது. இரண்டுக்கும் ஒரே நடுவர், ஒரே மதிப்பெண் தாள். போட்டி முடிந்ததும் மறுபடி அடுத்த வருடம்தான்.

கலை பண்பாட்டுத் துறை மாவட்டந்தோறும் கொடுக்கும் விருதுகளைப் பாருங்கள். 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. விருது என்று வந்தால் கலைக்கு வயதே கிடையாது என்று அரசுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கற்றுக்கொடுப்பதில் மட்டும், பிள்ளைகளுக்குக் கலை சொல்லித்தரும் அரசின் ஜவகர் சிறுவர் மன்றம் 5 வயதில் சேர்த்துக்கொண்டு 16 வயதில் அனுப்பிவிடுகிறது. அப்புறம் எங்கள் ஊர் மாதிரி இடத்தில் 40 வயதுக்காரர் ஒருவருக்குப் படம் வரையக் கற்றுக்கொள்ள ஆசை வந்தால் எங்கே போவார்?

ஆசை வரத்தான் செய்கிறது. தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிச் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு எடுக்கிறேன். பிள்ளையை விட வருகிறவர்கள், மழை என்றால் திரும்பிப் போகாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்கார்ந்த ஓர் அம்மா, "சார், நானும் ஒரு தாள் எடுத்துக்கட்டுமா?" என்றார். எடுத்துக்கொண்டவர் பூவோ மயிலோ வரையவில்லை. தான் வேலை செய்யும் தேயிலைக் காட்டை, வரிசை வரிசையாக, செடிகளுக்கு நடுவில் நடக்கிற தடம் உட்பட, மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்தார். என் மாணவர்கள் ஒருவருக்கும் அந்தக் கோணம் தோன்றியதில்லை.

ஒரு முறை, நீலகிரியின் தோடர் பழங்குடியினர் போடும் எம்பிராய்டரி தெரிந்த ஒரு பாட்டியை அழைத்திருந்தோம். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை அது. பென்சில் கோடு கிடையாது, அச்சு கிடையாது. சொரசொரப்பான வெள்ளைத் துணியின் பின்பக்கம் இருந்து, இழைகளை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாக ஊசியை ஓட்டுகிறார். ஸ்கேலும் கையுமாக நின்ற ஏழாம் வகுப்புப் பையன், "பாட்டி, அளவு எங்க இருக்கு?" என்று கேட்டான். அவர் தலையைத் தொட்டுக் காட்டிவிட்டு எண்ணிக்கையைத் தொடர்ந்தார். நடுவில் பேசினால் எண்ணிக்கை தப்பும், தப்பினால் பிரிக்க வேண்டும். என் கணித ஆசிரிய நண்பர் மணியடித்த பிறகும் வகுப்பை விட்டுப் போகவில்லை.

அந்தப் பாட்டிக்கு மதிப்பூதியம் கொடுக்கப் பள்ளிக் கணக்கில் தலைப்பு இல்லை. பரிசுக் கோப்பைக்கு உண்டு, மைக் செட்டுக்கு உண்டு. வந்து சொல்லிக்கொடுப்பவருக்கு இல்லை. ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தோம். அன்பளிப்பாகக் கொடுத்தால் ஒரு தடவை கொடுக்கலாம், வாரா வாரம் யார் கொடுப்பது?

வழியில்லாமல் இல்லை. 1948இலேயே இந்த மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டது. இன்றைக்கும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி சேர்த்து வசூலாகிறது. படிக்கிறவரும் கட்டுகிறார், படிக்காதவரும் கட்டுகிறார், யாரும் சண்டை போடுவதில்லை. கிளை நூலகத்தில் ஆறு வயதுப் பிள்ளையும் உட்காரலாம், ஓய்வு பெற்றவரும் உட்காரலாம். போட்டியும் பரிசும் இல்லாமலே அது நடக்கிறது. கலைக்கும் அப்படி ஒரு சில காசு ஒதுக்கினால், நூறு பிள்ளைக் கணக்குப் பார்க்காமல், நாலைந்து சிறு பள்ளிகளுக்கும் சுற்று வட்டாரப் பெரியவர்களுக்கும் சேர்த்து ஒரு ஆசிரியரைச் சுற்றிவர வைக்கலாம். குறும்பர் பழங்குடி ஓவியம் தெரிந்தவருக்கும் எம்பிராய்டரி பாட்டிக்கும் முறையான மதிப்பூதியம் கொடுக்கலாம்.

உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்திருக்கிறேன். கேட்டது பெரிதில்லை. மாலையில் சும்மா கிடக்கும் சமுதாயக் கூடம், வாரத்தில் ஒரு நாள். ஒரு பீரோ, அதற்குள் எரிய ஒரு குண்டு பல்பு. பல்பு எதற்கு என்று எழுத்தர் கேட்டார். பல்பின் சூடு இல்லாவிட்டால் ஜூலை மாத மஞ்சு மூட்டத்தில் தாள் நமத்துப் போய்விடும், போஸ்டர் கலர் மறுநாள்கூடக் காயாது என்று விளக்கினேன். அவருக்கு நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார். அதுவரைக்கும் சனிக்கிழமை வருகிற பெரியவர்களுக்குத் தாள் நான் கொடுக்கிறேன், கலரை அவர்களே வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.