கோயிலுக்குப் போகாமல் ராமேஸ்வரம்

ராமேஸ்வரத்துக்குப் பத்து தடவையாவது போயிருப்பேன். எல்லாம் ஒரே மாதிரிதான். மதுரையில் விடியற்காலை ரயில் ஏறுவது, அக்னி தீர்த்தத்தில் முங்குவது, 22 தீர்த்தத்துக்கும் ஓடி ஓடி வாளித் தண்ணீரைத் தலையில் வாங்குவது, துணி மாற்றித் தரிசனம், சாப்பாடு, திரும்பவும் ரயில். அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போனபோதும் அப்படித்தான். அந்த ஊர் ஒரு தீவு என்பது பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும் நேரத்தில் மட்டும் நினைவுக்கு வரும். இறங்கியதும் மறந்துவிடும்.

அதனால், "கோயில் கிடையாது, தீவு மட்டும், இரண்டு நாள், ஒரே வேன்" என்று ஒரு சின்னக் குழு கிளம்புவதாகக் கேள்விப்பட்டதும் பணத்தைக் கட்டிவிட்டேன். அம்மாவிடம் கோயில் கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஓட்டுநரையும் வழிகாட்டியையும் சேர்க்காமல் நாங்கள் பதினோரு பேர். வழிகாட்டி பாம்பன்காரர், மீனவக் குடும்பம். வைகைப் பாலத்தைத் தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டார். "இந்த ஆறு எங்க போகுதுன்னு மதுரைக்காரங்க யாராவது சொல்லுங்க பார்ப்போம்." கடலுக்கு என்றார் ஒருவர். ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குத்தான் முதலில் போகிறது. அங்கே நிறைந்து மிச்சம் இருந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் நீரிணையில் சேரும் என்றார். நாற்பது வருடமாக வைகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது தெரியாது.

மானாமதுரையில் டீக்கு நிறுத்தினார்கள். அங்கேதான் வினை. பானை, அகல், கடம் என்று பார்க்க ஆரம்பித்த குழு வேனுக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எனக்கும் அதில் பங்கு உண்டு, ஒரு தயிர்ப்பானை வாங்கினேன். விளைவு, பாம்பன் பக்கத்துக் கரையான குந்துகாலில் போய் நின்றபோது குருசடைத் தீவுக்கான கடைசிப் படகு போய்விட்டிருந்தது. 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை அது. அவர் நினைவு மண்டபத்தின் படியில் உட்கார்ந்து, எட்டாத தீவைப் பார்த்துக்கொண்டே எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். படகை விட்டதற்குத் தயிர்ப்பானையைக் காட்டி என்னைக் கேலி செய்தார்கள். சரி, வாங்கிக்கொண்டேன்.

பாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்ததுதான். 1914-இல் ரயில் ஓட ஆரம்பித்த பழைய பாலம், ஓய்வு பெறும்வரை, கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுத்துண்டு, 72.5 மீட்டர் நீளம், லிஃப்ட் மாதிரி நேரே மேலே போகும். எனக்குப் பழையதுதான் அழகு.

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே தனுஷ்கோடிச் சாலையில் இருந்தோம். இரண்டு பக்கமும் மணல், பனை, அப்புறம் குடை விரித்தாற்போல் உச்சி தட்டையாகப் படர்ந்த உடை மரங்கள். கொஞ்ச தூரத்தில் மரமும் தீர்ந்துபோய் இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் நாங்கள். இடது பக்கத்தைப் பெண் கடல் என்றும் வலது பக்கத்தை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். ஒன்று சாது, ஒன்று முரடு. ஆனால் நாங்கள் போனது தை மாதம். பெண் கடல்தான் நுரை கக்கிக்கொண்டிருந்தது. "வாடைக் காத்துல இவ கோபப்படுவா. தெக்கத்திக் காத்து வந்தா அவன் ஆடுவான். வலை போடுறவனுக்கு ரெண்டு பேரோட மூஞ்சியும் தெரியணும்" என்றார் வழிகாட்டி.

வேனை ஓரம் கட்டி, யாரும் இறங்கக் கூடாது, பேசக் கூடாது என்றார். பதினைந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பின்சீட்டில் ஒருவர் குறட்டையே விட்டுவிட்டார். வெளிச்சம் ஏறியதும்தான், தூரத்தில் ஆழமில்லாத நீரில் வெள்ளைக் கோடு போலத் தெரிந்தது கோடில்லை, பூநாரைகள் என்று புரிந்தது. தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றை அலசிக்கொண்டே மெல்ல நடந்தன. ஏதோ ஒன்று அரட்ட, சில சிறகை விரித்தன. அதுவரை வெள்ளையாக இருந்தவற்றுக்குள்ளிருந்து அப்படி ஒரு சிவப்பு! இந்தப் பகுதியை 2025-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். தனியாகக் காரில் வந்திருந்தால் அந்த இடத்தை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கடந்திருப்பேன்.

பழைய தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சொரசொரவென்று, துளை துளையாக இருந்தது. பவளப்பாறை. அந்தக் காலத்தில் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கடலிலிருந்து பவளத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டியதில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், தண்ணீருக்குள் போய்விட்டன. 1986-இல் அந்தத் தீவுகளைக் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலையும் பாம்பனிலிருந்து வந்த ரயில் கடலோடு போனதையும் அவர் இரண்டே வரியில் சொல்லி நிறுத்திக்கொண்டார். மற்ற வழிகாட்டிகள் அங்கே குரலை நடுங்க வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் சொன்ன அளவு போதும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அரிச்சல்முனை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே கூட்டம், சங்குக் கடை, செல்ஃபி, காலுக்கடியில் பிளாஸ்டிக். 2017-இல் தார்ச்சாலை வந்ததன் மறுபக்கம். அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். "இலங்கை தெரியுதா?" என்று எல்லோரும் கேட்டார்கள். தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஓலைக் குடிசைகளுக்குப் பின்னால் ஒரு அக்கா மணலில் தோண்டிய குழியருகே குத்துக்காலிட்டு, சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் உப்புக் கடல், ஆனால் ஊற்று நல்ல தண்ணீர். மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் லேசானது என்பதால் கனமான உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறதாம். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் கரித்துவிடும். "குடிச்சுப் பாரு தாயி" என்று நீட்டினார். எங்கள் வீட்டுக் கேன் தண்ணீரைவிட நன்றாக இருந்தது. கேட்டு, ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சேர இரவு பதினொன்று. அம்மா தூங்காமல் இருந்தாள். பிரசாதம் எங்கே என்றாள். பையில் தயிர்ப்பானையும் பாட்டிலும்தான் இருந்தன.

"கோயிலுக்குப் போகலைம்மா."

"என்னது? ராமேஸ்வரம் போயிட்டு சாமி கும்பிடாம வந்தியா? அப்ப இந்தப் பாட்டில்ல என்ன, தீர்த்தம்தான?"

"இல்லம்மா, வெறும் தண்ணி. தனுஷ்கோடி மணல்ல ஊறுனது."

அம்மா மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, தலையில் தெளித்துக்கொண்டாள். மிச்சத்தைப் பூஜை அறையில் கொண்டுபோய் வைத்தாள்.