மழைக்குப் பின் பாசி பிடித்த நீச்சல் குளம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மறுவாரம், அரியாங்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டு நீச்சல் குளத்தின் தண்ணீர் பச்சையாகி, இரண்டாம் படிகூடக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கலங்கிப் போயிருந்தது. சுவரைத் தொட்டால் விரலில் வழவழவென்று பாசி ஒட்டியது.

பலரும் முதலில் குளோரினைத்தான் கொட்டுகிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான கருத்து. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 8-ஐத் தாண்டியிருந்தால் குளோரினின் வீரியத்தில் பெரும்பகுதி வீணாகிவிடும். ஆகவே, அமிலம் சேர்த்து அதை 7.2-க்கும் 7.4-க்கும் இடையில் கொண்டுவந்த பிறகு, சுவர்களையும் மூலைகளையும் ஏணியின் பின்புறத்தையும் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தேன். வெயில் குளோரினைச் சிதைத்துவிடும் என்பதால், பொழுது சாய்ந்த பிறகே அதைச் சேர்த்து, மோட்டாரை இரவு பகலாக ஓடவிட்டேன். (அமிலத்தையும் குளோரினையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.)

மூன்றாம் நாள் பச்சை மறைந்து, தண்ணீர் அரிசிக் கழுநீர்போல் வெளுத்திருந்தது. பாசி செத்துவிட்டதற்கு அதுவே அடையாளம். மணல் வடிகட்டியின் அழுத்தம் வழக்கத்தைவிட 10 பிஎஸ்ஐ ஏறும்போதெல்லாம் அதை எதிரோட்டத்தில் அலசினேன். மிச்சமிருந்த கலங்கலுக்கு, அம்மா குடத்துத் தண்ணீரில் சுற்றும் அதே படிகாரம் கைகொடுத்தது: கரைத்து ஊற்றி, மோட்டாரை நிறுத்தி, ஓர் இரவு அசையாமல் விட்டதில் அழுக்கெல்லாம் அடியில் படிந்தது. அதை வடிகட்டிக்குள் விடாமல் நேராக வெளியே உறிஞ்சி அகற்றினேன். படிகாரம் பிஎச் அளவைக் குறைக்கும் என்பதால் மறுபடியும் அளந்து சரிசெய்து, குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு) அளவுக்கு இறங்கிய பிறகே பிள்ளைகளைக் குளத்தில் இறங்கவிட்டேன்.