ஒரு சீட்டு குறைந்த இரவு

2024 நவம்பர் 5 அன்று, டெட்ராய்ட் புறநகரில் ஒரு பள்ளியின் விளையாட்டுக்கூடத்தில் தேர்தல் பணியாளராக இருந்தேன். அதிபர் தேர்தலுக்காகவே பெரும்பாலானோர் வந்தார்கள் என்றாலும், அதே வாக்குச்சீட்டில் மிச்சிகன் மாநிலம் முழுவதற்குமான செனட் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) பதவியும் இருந்தது. 2001 முதல் அதில் இருந்த டெபி ஸ்டாபினோ மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று 2023 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டதால், ஜனநாயகக் கட்சியின் எலிசா ஸ்லாட்கினுக்கும் குடியரசுக் கட்சியின் மைக் ராஜர்ஸுக்கும் இடையே முதன்மைப் போட்டி நடந்தது.

காலையில் ஒரு மூதாட்டி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஸ்டாபினோவின் பெயர் எங்கே என்று கேட்டார். வேட்பாளர்களைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் பேசக் கூடாது என்பதால், அச்சிட்டிருக்கும் பெயர்கள்தாம் போட்டியில் இருப்பவை என்று மட்டும் சொன்னேன். மறைப்புத் தட்டிக்குப் பின்னால் அவர் வெகுநேரம் நின்றார். பழகிய பெயர் இல்லாத இடத்தில் கை தயங்குவது இயல்புதான். ஒரே பதவிக்கு இருவரைக் குறித்தால் சீட்டை எண்ணும் இயந்திரம் எச்சரிக்கும். ஒரு பதவியை மட்டும் நிரப்பாமல் விட்டால் அப்படியே ஏற்றுக்கொள்ளும். மாநிலம் முழுவதும் ராஜர்ஸ் பெற்ற வாக்குகள் அதே கட்சியின் அதிபர் வேட்பாளர் டிரம்ப் பெற்றவற்றைவிட ஒரு லட்சத்துக்கும் மேல் குறைவு என்று பின்னர் படித்தபோது, அந்த மூதாட்டி நின்ற இடம்தான் நினைவுக்கு வந்தது.

இரவு எட்டு மணிக்கு வரிசையில் நின்றிருந்த கடைசி ஆள் வரை வாக்களித்த பிறகு, கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம். கொடுத்த சீட்டுகள், இயந்திரம் எண்ணியவை, வீணானவை, மீந்தவை என எல்லாம் பொருந்த வேண்டும், ஒன்று குறைந்தது. மீந்த கட்டுகளை மூன்று முறை எண்ணினோம். எதிர்க்கட்சியைச் சேர்ந்த என் சக பணியாளரும் நானும் பகல் முழுக்க ஒருவரையொருவர் மரியாதையாகத் தள்ளி நின்றே பார்த்துக்கொண்டவர்கள். இப்போது ஒரே விளக்கின் கீழ் தோளோடு தோள் ஒட்டிக் குனிந்திருந்தோம். கடைசியில், வீணான சீட்டுகளின் உறையில் இரண்டு சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதை அவர்தான் விரலால் தடவிக் கண்டுபிடித்தார். காலையில் செனட்டுக்கு இருவரையும் குறித்துவிட்டு வேறு சீட்டு கேட்ட ஒருவருடையது இரண்டாவது சீட்டு. நான்தான் அதை உறையில் போட்டு, ஏட்டில் குறிக்க மறந்திருந்தேன்.

ஏட்டைத் திருத்தி, இருவரும் கையெழுத்திட்டு, பெட்டிக்கு முத்திரை வைத்து வீடு திரும்ப நள்ளிரவாகிவிட்டது. ஸ்லாட்கின் வென்றதாக மறுநாள் செய்தி வந்தது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வித்தியாசம் சுமார் 19,000. மாநிலத்தில் வாக்குச்சாவடிகள் நான்காயிரத்துக்கும் மேல் என்பதால், சாவடிக்கு ஐந்து வாக்குகள்கூட வராது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் என் மறதியின் எடை எனக்கு உறைத்தது. அன்றே அந்தச் சக பணியாளரை அழைத்து நன்றி சொன்னேன்.